பூ, சாவி, ரயில்

கேள்வித்தாள் வெளியானது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெருநகர் என்ற ஊரில், தண்ணீர்த் தொட்டிக் குழாயடியில். வெளியிட்டவள் அம்முலு. அவளுடைய மாமியாருக்கு வாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. போன மாதம் உத்திரமேரூரில் நடந்த மாற்றுத்திறனாளிகள் முகாமுக்கு அவரை அழைத்துப் போயிருந்தாள். டாக்டரம்மா மாமியாரிடம் என்னென்ன கேட்டார் என்பதை ஒன்றுவிடாமல் மனதில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இப்படி ஒரு திறமை இருந்ததாக எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

கல்பனா குடத்தை ஓரமாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். பேர் என்ன. ஊர் என்ன. இன்று என்ன தேதி, என்ன கிழமை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரவும். அப்புறம் மூன்று சொற்கள்: பூ, சாவி, ரயில். டாக்டர் முதலில் இவற்றைச் சொல்லிவிட்டு, வேறு ஏதேதோ பேசி, கடைசியில் அந்த மூன்றும் என்ன என்று கேட்பார்.

"எல்லாருக்கும் அதே மூணுதானா?" என்று கேட்டாள் கல்பனா.

"எங்களுக்கு முன்னால போன பெரியவருக்கும் அதான். பின்னால போன பொண்ணுக்கும் அதான். பாவம், அந்தம்மாவும் எத்தினி பேருக்குத்தான் புதுசு புதுசா யோசிப்பாங்க."

தேர்வு எழுத வேண்டியவன் கல்பனாவின் கணவன் தினேஷ்குமார். வயது முப்பத்திரண்டு. இரண்டு வருடத்துக்கு முன், கல்யாணமான எட்டாம் மாதம், திருப்புலிவனம் தாண்டி ஓர் எருமை சாலை நடுவில் நின்று ஏதோ யோசித்துக்கொண்டிருந்தது. தினேஷின் பைக் போய் அந்த யோசனையைக் கலைத்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது பைக் கண்ணாடியில் மாட்டியிருந்தது.

பதினோரு நாள் அவன் கண் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் நடந்தான். ஆறாம் மாதம், பார்த்தவர்களெல்லாம் பழைய தினேஷேதான் என்றார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது. கையோ காலோ போயிருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்கும். இவனுக்குப் போனது, காலையில் நடந்ததைச் சாயங்காலம்வரை வைத்திருக்கும் இடம். ஒரு வேலையின் முதல் அடியிலிருந்து இரண்டாம் அடிக்குப் போகும் வழி. மனதில் வந்ததை வாய்க்கு இந்தப் பக்கமே நிறுத்திவைக்கும் கதவு. இந்த மூன்றும் வெளியே தெரிவதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுத் தலைவாரி விட்டால், இன்னொரு பெண் பார்க்கக் கிளம்பியவன்போலத்தான் இருந்தான்.

கல்பனாவுக்கு மோகனின் உரக்கடையில் பில் போடும் வேலை. தினேஷையும் கூடவே அழைத்துப் போய் மூட்டைகளின் மேல் உட்காரவைப்பாள். ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. மாசி மாதம் யூரியாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதாவது, ஸ்டாக் இல்லை என்று மோகன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஏழெட்டு விவசாயிகள் நிற்கும்போது தினேஷ் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நாப்பது மூட்டை கீதே. அதுமேலதான நான் உக்காந்துக்கினு கீறேன்" என்றான்.

அன்று மத்தியானத்துக்குள் ஊரில் அவனுக்கு ஏற்பட்ட செல்வாக்கில் வார்டு தேர்தலுக்கே நின்றிருக்கலாம். மோகன் கெட்டவர் இல்லை. கல்பனாவைத் தனியே கூப்பிட்டு, நீ இல்லாமல் கடை நடக்காது, ஆனால் அவன் இருந்தாலும் கடை நடக்காது என்றார். சித்திரை பிறப்பதற்குள் அவனுக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

வேறு இடம் என்று ஒன்றுதான் இருந்தது. உத்திரமேரூரில் புதிதாக ஒரு பகல் பராமரிப்பு மையம் திறந்திருந்தார்கள். காலையில் வேன் வந்து அழைத்துப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். நடுவில் பார்த்துக்கொள்ளவும் பயிற்சி கொடுக்கவும் ஆட்கள் உண்டு. முகாமில் டாக்டர் பார்த்துச் சான்று கொடுத்தால் சேரலாம். அது கிடைக்காவிட்டால் கல்பனா வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். இருபத்தெட்டு வயதில், ஒரே ஓர் ஆளை, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, ஆயுசு பூராவும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்கு அவன்மேல் ஆசை உண்டு. ஆனாலும் அதை நினைத்தால் மூச்சு முட்டியது. மூச்சு முட்டுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

இந்த இடத்தில்தான் அவள் தப்புப் பண்ணினாள். கல்பனா பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். சேர்க்கை என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நன்றாகப் பதில் சொல்பவனைச் சேர்த்துக்கொள்வார்கள். அவளுடைய அண்ணன் மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனபோது மூன்று வயதுப் பிள்ளையிடம் எட்டு நிறம் கேட்டார்கள். ஆறு சொன்ன பிள்ளைக்குச் சீட்டு இல்லை என்றுவிட்டார்கள். நிறத்துக்கே அப்படியென்றால் மூளைக்கு எப்படி இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

மூன்று வாரம் பாடம் நடந்தது. காலையில் பல் விளக்கும்போது ஒரு தடவை, கடையில் கூட்டம் இல்லாதபோது ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை. தேதியில் குழப்பம் வராமல் இருக்க, முகாம் நடக்கும் நாளையே சொல்லிக்கொடுத்தாள்: மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை. காலைச் சாப்பாடு இட்லி. அன்றைக்கு எது நடந்தாலும் இட்லிதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்பதை அவன் பாட்டுப்போல் ஏற்றிக்கொண்டான். பூவும் சாவியும் இரண்டாம் வாரத்தில் வந்துவிட்டன. ரயில் மட்டும் வரவில்லை. உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுக்க அக்கம்பக்கத்தில் ஒரு தண்டவாளம்கூட இல்லை.

கடைசியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. கல்யாணமான புதிதில் செங்கல்பட்டில் ரயிலேறிக் கடற்கரை பார்க்கப் போனோமே என்று ஆரம்பித்தாள்.

"ஜன்னலாண்ட உக்கார்றதுக்கு அந்தப் பொம்பளகிட்ட சண்ட போட்டியே" என்றான் தினேஷ் உடனே. "தாம்பரம் வரைக்கும் மூஞ்சிய உர்ருனு வெச்சிக்கினு வந்த."

அடிபடுவதற்கு முன் நடந்தது ஒன்றும் அவனுக்கு மறக்கவில்லை. அதற்கப்புறம் ரயில் ஒருநாளும் தவறவில்லை.

இந்தப் பாடத்தை மாமனார் பஞ்சாட்சரம் வாசலோடு போகும்போதும் வரும்போதும் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு ஏக்கர் நெல் வைத்திருப்பவர். மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. மகனுக்கு ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி. யார் கேட்டாலும், அடி பட்டது, ஆறிவிட்டது என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்துக்கு வைத்த தெர்மோகோல் மயில்கள் இரண்டும் மேடையில் அப்படியே இருக்க, அவற்றுக்கு நடுவில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். தினேஷ் அட்சரம் பிசகாமல் சொன்னான். அறுபத்தைந்துவரை கழித்துக்கொண்டே போனவனை டாக்டரே போதும் என்றார். ரயிலைச் சொல்லும்போது கல்பனாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வேறு ஏதாவது சிரமம் உண்டா என்று டாக்டர் கேட்டபோது, இரண்டு வருடமாகச் சொல்லிப் பழகியதையே கல்பனா சொன்னாள்: நல்லா இருக்காரு டாக்டர்.

டாக்டர் முப்பத்தைந்து விழுக்காடு என்று எழுதினார்.

"முப்பத்தஞ்சா? பாஸ்" என்றார் கூட வந்திருந்த பஞ்சாட்சரம். பத்தாம் வகுப்பில் தினேஷ் கணக்கில் வாங்கியதும் அதேதான். அவர் அன்றைக்குப்போலவே இன்றைக்கும் நிறைவாக இருந்தார். மேடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த மையத்துப் பெண் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு தேறினார் என்பதற்கான எண் இல்லை, எவ்வளவு பாதிப்பு என்பதற்கான எண் என்று விளக்கினாள். நாற்பது இருந்தால்தான் மையத்தில் இடம். இவர் அதைவிட நன்றாக இருக்கிறார்.

கல்பனா மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தேர்வுக்கு அளவுக்கு மீறிப் படித்துவிட்டாள். தினேஷ் அவள் முகத்தைப் பார்த்து, "தப்பா சொல்லிட்டனா?" என்று கேட்டான். இல்லை, எல்லாம் சரியாகத்தான் சொன்னீர்கள் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மேசைப் பெண் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர் பிரியங்கா. மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம், அதற்குமுன் நான் ஒருதடவை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பிரியங்கா நீலக் கோட்டும் கையில் ஒரு ஃபைலுமாக வந்து சேர்ந்தாள். பஞ்சாட்சரம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மானாம்பதி சுப்ரமணியின் மகளா என்று கேட்டார். ஆமாம் என்றாள். மானாம்பதிக்கு வெளியே உள்ள இருளர் குடியிருப்பிலிருந்து சுப்ரமணி இருபது வருடமாக அவர் நிலத்துக்கு அறுப்புக்கு வருகிறவர். அவர் மகள் இப்போது அரசாங்கத் தாளோடு வந்து நிற்கிறாள். நீ என்பதா நீங்கள் என்பதா என்று பஞ்சாட்சரத்துக்குப் புரியவில்லை. அதனால் சுவரைப் பார்த்துப் பேசினார். "சேர்ல உக்கார்லாம். தண்ணி குடிக்கிறதுன்னா குடிக்கலாம்."

பிரியங்கா உட்கார்ந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "தினேஷ் அண்ணா, எனக்கு ஒரு டீ போட்டுக் குடுக்கிறீங்களா?" என்றாள்.

தினேஷ் சந்தோஷமாக எழுந்தான். டீ போடுவதில் அவன் கெட்டிக்காரன். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை டீ எல்லாம் அவன் பொறுப்புதான். பாத்திரம் எடுத்தான். தண்ணீர் வைத்தான். அடுப்பைப் பற்றவைத்தான். அப்புறம் நின்றான். கல்பனா எட்டி டீத்தூள் டப்பாவை எடுத்து அவன் கையருகே வைத்தாள்.

"அக்கா, நீங்க இப்பிடி வந்து உக்காருங்க" என்றாள் பிரியங்கா.

கல்பனா வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, பால் கீழ்த்தட்டில் இருக்கிறது என்றாள்.

"வாயும் இங்கதான் இருக்கணும்க்கா."

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் சமையலறை முழுக்கத் தெரிந்தது. தினேஷ் தொட்டியில் ஒரு தம்ளரைப் பார்த்தான். அதைக் கழுவினான். பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதையும் கழுவினான். அப்புறம் தட்டுகள், கரண்டிகள், பூஜை விளக்கு. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்தது, வற்றியது, தீர்ந்தது. பாத்திரம் காய்ந்து நாற்றம் வர ஆரம்பித்தது. கல்பனாவுக்கு உடம்பெல்லாம் அரித்தது.

தினேஷ் மூக்கை உறிஞ்சினான். ஜன்னலருகே போய் வெளியே எட்டிப் பார்த்தான். "அம்முலு வூட்ல ஏதோ தீயுது. கொஞ்சமாவது கவனம் வாணாம்?" என்றான்.

வாசலில் நின்றிருந்த பஞ்சாட்சரம், அணைடா என்று கத்த வாயெடுத்தார். எழுந்து போய் அடுப்பை அணைத்தவள் பிரியங்காதான். அந்தச் சமையலறைக்குள் சுப்ரமணி குடும்பத்தில் யாரும் இதுவரை காலெடுத்து வைத்ததில்லை. பஞ்சாட்சரமும் வைத்ததில்லை, ஆகையால் ஆட்சேபம் சொல்ல அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தினேஷ் கழுவிய தம்ளரைத் துடைத்து பிரியங்காவிடம் நீட்டினான். காலியாக இருந்தது. அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, ரொம்ப சுத்தமாக இருக்கிறது அண்ணா என்றாள். அது உண்மையும்தான்.

கிளம்பும்போது தெருமுனைவரை கல்பனா கூட நடந்தாள்.

"முகாம்ல அவர் சொன்னது எதுவும் பொய்யில்லக்கா" என்றாள் பிரியங்கா. "ஆனா ரெண்டு வருசமா அவர் மூளையோட பாதி வேலைய நீங்கதான் பாத்துக்கினு கீறீங்க. டாக்டரம்மா ரெண்டு பேருக்கும் சேத்து மார்க் போட்டுட்டாங்க. நான் பாத்தத எழுதிக் குடுத்துடுவேன். ஆனா என்னோட எழுத்த மட்டும் வெச்சி சர்டிபிகேட் குடுக்க மாட்டாங்க. அவருக்கு இன்னா இன்னா முடியிலன்னு நீங்க வாயால சொல்லணும்."

"அவரு இல்லாதப்போ சொல்லலாமா?"

"அவர வெச்சிக்கினுதான் கேப்பாங்க."

கல்பனா அவனால் முடியாதது எதையும் இதுவரை அவன் காதுபடச் சொன்னதில்லை. அவனுக்கே அது தெரிய வருவதற்குள் அவள் கை நீண்டு அந்த வேலையை முடித்துவிடும். அவள் செய்ததெல்லாம் அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். அதை இப்போது ஒரு மேடையில், இரண்டு மயில்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒப்புவிக்க வேண்டும்.

ஏப்ரல் மாத முகாமும் புதன்கிழமைதான். கல்பனா இந்தமுறை எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. காலையில் உப்புமா கிண்டினாள். பஞ்சாட்சரம் இந்தமுறையும் கூட வந்தார். மண்டபத்தில் மயில்கள் போய் அன்னங்கள் வந்திருந்தன. டாக்டர் அதே டாக்டர்.

பேரும் ஊரும் சொன்னான். இன்றைக்கு என்ன தேதி என்றார் டாக்டர்.

"மார்ச் பன்னெண்டு, புதன்கிழமை."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி."

"சரி. இப்போ நான் மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சுக்குங்க."

"பூ, சாவி, ரயில்" என்றான் தினேஷ், அவருக்கு எதற்குச் சிரமம் என்பதுபோல.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கல்பனாவைப் பார்த்தார். கல்பனா தரையைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடப் படிப்பில் ஒருநாளும் பிட்டு அடிக்காதவள், இருபத்தெட்டாம் வயதில் பிடிபட்டாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றாள். எதற்கு என்றார். நன்றாகச் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன் என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. பிரியங்கா கொடுத்திருந்த தாள்களை எடுத்துப் படித்தார். படித்து முடித்ததும் நாற்காலியைக் கல்பனா பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதுல கொஞ்சம் இருக்கு. மிச்சத்தை நீங்க சொல்லுங்க. வீட்டுல எப்படி இருக்கார்?"

கல்பனா வாயைத் திறந்தாள். "நல்லா..." என்று நாக்கு தானாக ஆரம்பித்தது. நிறுத்தினாள். பக்கத்தில் தினேஷ் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையில், அவள் வாரிவிட்ட தலையோடு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பவுடர் திட்டாக இருந்தது. அதைத் துடைத்துவிட வேண்டும்போல் இருந்தது. துடைத்தால் இந்த ஒரு நிமிஷம் கழிந்துவிடும். அவள் கையை நீட்டினாள்.

தினேஷ் அந்தக் கையைப் பிடித்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"சொல்லு கல்பனா" என்றான். "நான் எப்பிடியும் மறந்துடப் போறேன்."

மண்டபத்தில் எங்கோ ஒரு குழந்தை அழுதது. கல்பனா சொல்ல ஆரம்பித்தாள். அடுப்பைச் சொன்னாள். தலைக்கு சோப்புப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்து, நுரை காய்ந்த தலையோடு கண்ணாடி முன் நிற்பதைச் சொன்னாள். தட்டில் சோறு போட்டால், சாப்பிடுங்க என்று யாராவது சொல்லும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதைச் சொன்னாள். அவள் குளிக்கப் போனால்கூட அஞ்சு நிமிஷத்தில் அவளைத் தேடித் தெருவில் இறங்கிவிடுவதை, ஒருதடவை செய்யாற்றுப் பாலம்வரை போய்விட்டதை, ஒரு சாவு வீட்டில் பந்தல் நன்றாக இல்லை என்று இறந்தவரின் மகனிடமே சொன்னதை, சத்தம் அதிகமானால் தலையைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் போய் ஒண்டிக்கொள்வதை எல்லாம் சொன்னாள். முதல் நாலைந்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அப்புறம் யூரியா பில் வாசிப்பதுபோல் சரளமாக வந்தது.

தினேஷ் கவனமாகக் கேட்டான். யாரோ தூரத்துச் சொந்தக்காரனுக்கு நடந்ததைக் கேட்பதுபோல இருந்தது அவன் முகம். பாலத்தைப் பற்றிச் சொன்னபோது அப்படியா என்றான். எல்லாம் முடிந்ததும், "ஒனக்கு ரொம்ப பேஜார் கல்பனா" என்றான்.

"இன்னும் ஒண்ணு கீது" என்றார் பஞ்சாட்சரம்.

அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அன்னங்களில் ஒன்றைப் பார்த்துப் பேசினார்.

"ஏரித் தண்ணி எங்களுக்கு மொற வெச்சித்தான் வரும், டாக்டரம்மா. எங்க மொறைக்கு மடையத் தொறந்து வுடுறான்னா தொறப்பான். அப்புறம் மூடணும்னு அவனுக்கு ஞாபகம் இருக்காது. பக்கத்து நெலத்துக்காரனோட தண்ணியெல்லாம் எங்க கழனிலயே நின்னுடும். நாலு வாட்டி ஆச்சி. நாந்தான் மூட மறந்துட்டேன், வயசாயிடுச்சின்னு சொல்லிக்கினு கீறேன்."

கல்பனா திரும்பிப் பார்த்தாள். உங்கள் மாமனாருக்கு ஞாபகம் தப்புகிறது, எங்கேயாவது காட்டுங்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் மாசியிலிருந்தே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் பயந்துபோய், இன்னொருத்தரையும் பார்த்துக்கொள்ள வேண்டி வருமோ என்று நினைத்திருந்தாள். பெருநகரில் யாரிடமும் ஒரு வார்த்தை தாழ்ந்து பேசாத மனுஷன், மூளை கலங்கியவர் என்ற பெயரை மகனுக்கு வராமல் தன் தலையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் நாலு தடவை.

"அவரை விட்டுத் திறக்கச் சொல்லாம இருக்கலாமே" என்றார் டாக்டர். கேட்கும்போது குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"தொறக்கும்போது நல்லா தொறக்கறான்" என்றார் பஞ்சாட்சரம். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்தில் காற்றே வரவில்லை என்றார். தலைக்குமேல் இரண்டு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

டாக்டர் எழுதினார். அறுபது. கீழே மேசையில் பிரியங்கா அதை வாங்கிப் பதிந்துகொண்டு, வேன் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வரும், உங்கள் தெருவுக்குள் திரும்பாது, கோயில் பக்கம் கொண்டுவந்து விடுங்கள் என்றாள். பஞ்சாட்சரம் அவளிடம் சுவர், அன்னம் எதையும் பார்க்காமல் நேராக, "நீங்களும் அங்கதான் இருப்பீங்களாம்மா?" என்று கேட்டார். இருப்பேன் ஐயா என்றாள். சொல்லிவிட்டு அடுத்தவர் தாளை வாங்கக் கையை நீட்டினாள்.

பேருந்து நிலையத்தில் பெருநகர் வண்டி வர நேரம் இருந்தது. பஞ்சாட்சரம் வெற்றிலை வாங்கப் போனார். கல்பனாவும் தினேஷும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சித்திரை பிறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. மோகனுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் போனை எடுக்கவில்லை. உடம்பு லேசாக இருந்தது. லேசாக இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாததால் என்னவோ காய்ச்சல் வரப்போவதுபோல் இருந்தது.

எதற்கு டாக்டரிடம் போனோம் என்று தினேஷ் கேட்டான். அவள் சொன்னாள். வெள்ளிக்கிழமையிலிருந்து காலையில் ஒரு வேன் வரும், நீங்கள் அதில் ஏறி இங்கே வந்துவிட வேண்டும், இங்கே பிரியங்கா இருப்பாள், இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள், டீ போடக்கூடச் சொல்லிக்கொடுப்பார்கள் என்றாள்.

"நீயும் வருவியா?"

"நான் கடைக்குப் போணுங்க."

அவன் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தான். யோசிக்கும்போது அவன் நெற்றியில் இடதுபக்கம், தையல் போட்ட இடத்தில் ஒரு கோடு விழும்.

"அப்போ பகல் பூரா நீ தனியா இன்னா பண்ணுவ?" என்றான்.

இந்தக் கேள்வியை யாரும் எங்கேயும் வெளியிட்டிருக்கவில்லை. அவள் அவன் கழுத்திலிருந்த பவுடரை முந்தானையால் துடைத்தாள். இந்தமுறை அவன் தடுக்கவில்லை.

"பழகிக்கிறேன்" என்றாள்.

"ஒண்ணியும் பயப்படாத. சாயங்காலம் நான் வந்துடுவேன்."

"சரிங்க."

பேருந்து வந்தது. மானாம்பதி தாண்டும்போது அவன் அவள் தோளைத் தட்டி, சாயங்காலம் வந்துவிடுவேன், பயப்படாதே என்றான். சரிங்க என்றாள். பெருநகரில் இறங்கி நடக்கும்போது, மாமனார் முன்னால் போய்க்கொண்டிருக்க, அவன் நின்று, அவளிடம் இன்னும் சொல்லவேயில்லையே என்று திடீரென்று ஞாபகம் வந்தவன்போல் மறுபடியும் சொன்னான். அவளும் நின்று, முதல்தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள்.